ஒரே கதவு எண்ணில் இரண்டு தறிக்கூடங்கள்

டேட்டா அனலிஸ்ட் என்றால் என்ன வேலை என்பது எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. "கணக்கு எழுதறீங்களா?" என்பார்கள். இல்லை என்பேன். "அப்ப ஆடிட்டருங்களா?" அதுவும் இல்லை என்பேன். எழுதி முடித்த கணக்கையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, எது மட்டும் மற்றவற்றைப் போல இல்லை என்று பார்க்கிற வேலை என்று ஒருமுறை என் நாத்தனாரிடம் விளக்கினேன். "போலீஸ்காரியாட்டம் சொல்றியே" என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் நிதிப் பிரிவில் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து அதுவே என்று இப்போது தோன்றுகிறது. நாம் போலீஸ் என்று நமக்கே ஒரு நினைப்பு வந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எக்செல்லையும் டாஷ்போர்டையும் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு காலை வேளையில் எங்கள் அலுவலகத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது, படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில். அலுவலகம் கணபதி என்னும் பகுதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே. துணி பெரும்பாலும் சோமனூர் விசைத்தறிகளிலிருந்து வரும். கைத்தறி ரகம் கொஞ்சம் சென்னிமலையிலிருந்து வரும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சென்னையிலிருந்து ஓர் இளைஞர் எங்கள் நிதிப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். சி.ஏ. படித்தவர், கெட்டிக்காரர், என் மகன் வயது. பெயர் வேண்டாம். இதை எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னபோது, "என்னைக் கொஞ்சம் நல்லவனா எழுதுங்க மேடம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவர் நல்லவர்தான். அதனால்தான் நடந்ததை எழுதவே தோன்றுகிறது.

வந்த புதிதில் அவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். இல்லாத சப்ளையரை இருப்பதாகக் காட்டி, அந்தப் பெயரில் பில் போட்டு, கம்பெனிக்குள் இருக்கிறவரே பணத்தை எடுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிற மோசடி. நம்மிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று சப்ளையர்கள் எல்லோரையும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எல்லாம் கழிந்து கடைசியில் ஓர் இணை மட்டும் திரையில் நின்றது.

சோமனூர்ப் பக்கம் இரண்டு தறிக்கூடங்கள். பெயர் வேறு, ஜி.எஸ்.டி. எண் வேறு, ஆனால் கதவு எண் ஒன்று. ஒரே நாளில் இரண்டிலிருந்தும் பில் வந்திருந்தது. நிதித் தலைவரின் கையெழுத்து தேவைப்படும் தொகைக்குக் கொஞ்சம் கீழே ஒவ்வொரு பில்லும் நின்றது. இரண்டையும் கூட்டினால் அந்த எல்லையைத் தாண்டும். பில் நகல்களை எடுத்துப் பார்த்தால் இரண்டையும் எழுதியிருந்தது ஒரே கை. புதிய சப்ளையருக்கான படிவத்தில் 'நம்முடைய வேறு சப்ளையர் யாருக்காவது உறவினரா?' என்ற கேள்விக்கு எதிரே, பேனாவை அழுத்தி, 'இல்லவே இல்லை' என்று எழுதியிருந்தது.

இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்திருந்தவர் கொள்முதல் பிரிவு அருள்தாஸ்.

அருள்தாஸை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதிராமல் பேசுகிறவர். காலைப் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்தே அலுவலகத்துக்கு வருவார். பத்து மணிக்கெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தறிக்கூடங்களுக்குக் கிளம்பிவிடுவார். துணியைத் தடவிப் பார்க்காமல் ஒரு பேல் கட்டுகூட வாங்கமாட்டார். அவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் குறை சொல்லப்படாதவர்கள்தான் பல இடங்களில் மாட்டியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மாலையில் நான் கண்டதை எழுதி நிதித் தலைவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை நான் வருவதற்குள் அவர் வேலையைத் தொடங்கியிருந்தார். என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. விசாரணை முடியும்வரை அருள்தாஸ் பணியிடை நீக்கம்.

"அருமையா புடிச்சிருக்கீங்க மேடம்" என்றார். "இதைவிடத் தெளிவா ஒரு கேஸ் கிடைக்காது. லஞ்சுக்கு அப்புறம் எம்.டி. வர்றார். அவர்கிட்ட சொல்லிட்டு லெட்டரைக் குடுத்துடலாம். செக்யூரிட்டியையும் வரச் சொல்லிருக்கேன்."

"அருள்தாஸ்கிட்ட கேட்டீங்களா சார்?"

"எப்படிக் கேக்கறது? கேட்ட உடனே உஷாராயிடுவார். போன் பண்ணி அங்க எல்லாத்தையும் சரி பண்ணிடுவார். முதல்ல வெளியே அனுப்பணும், அப்புறம்தான் விசாரிக்கணும். இதான் முறை."

அவர் சொன்னது தவறில்லை. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அருள்தாஸ் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், உங்களுக்கு சிஸ்டம் தொறக்குதுங்களா? காத்தாலிருந்து என்ர பாஸ்வேர்டை எடுக்கவே மாட்டேங்குதுங்க. மூணு பேருக்கு ஆர்டர் போடோணும். அந்தப் பசங்க நூலு வாங்கக் காத்துட்டிருக்காங்க."

அவர் கணக்கைக் காலையிலேயே பூட்டிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். அதில் அவர் பெயர்தான் இருந்தது. சட்டென்று அந்தப் பக்கத்தை மூடினேன்.

"ஐ.டி.க்காரங்க ஏதோ வேலை பாக்கறாங்களாட்ட இருக்குது. மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்குங்க அருள்தாஸ்" என்றேன்.

"அப்படிங்களா? அதுவரைக்கும் குடோன்ல இருக்கறனுங்க. தொறந்தா ஒரு குரல் குடுங்க மேடம்." அவர் போய்விட்டார்.

அந்த இடத்தில் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று பின்னால் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். நான் ஒரு பொறுப்பில் இருந்தேன். தலைவருக்குத் தெரியாமல் ரகசியமாக எச்சரிப்பது என் வேலையில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதும் என் வேலையில்லை என்று அவருடைய முதுகைப் பார்த்தபோது தோன்றியது. மதியம் செக்யூரிட்டி அவரை வாசல்வரை கூட்டிப்போனால், சாயங்காலத்துக்குள் சோமனூர் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அவர் குற்றமற்றவர் என்று எத்தனை கடிதம் கொடுத்தாலும் அந்தச் சந்துகளில் பழையபடி ஸ்கூட்டரில் போக முடியாது.

நான் எழுதி அனுப்பிய குறிப்பை எடுத்து மறுபடி படித்தேன். முகவரி ஒன்று, கையெழுத்து ஒன்று, தொகை எல்லைக்குக் கீழே. எல்லாம் உண்மை. ஆனால் அருள்தாஸ் திருடினார் என்ற வரி அதில் எங்கேயும் இல்லை. படித்தவர்தான் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டார். எழுதும்போது என் மனசும் சேர்த்துக்கொண்டுதான் இருந்தது.

மறுபடி அறைக்குள் போனேன். "சார், எம்.டி. வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குது. ஒருதடவை சோமனூர் போய் அந்த ரெண்டாவது தறிக்கூடம் இருக்குதா இல்லையான்னு கண்ணுல பாத்துட்டு வந்துரலாம். நீங்களும் வாங்க."

"அது விசாரணையில பாத்துக்கலாமே மேடம்."

"ஸ்டாக் சரிபாக்கறோம்னு சொல்லிக்கலாம். அருள்தாஸுக்குத் தெரியாது, யாரும் உஷாராக மாட்டாங்க. அங்க தறியே இல்லைன்னா நானே எம்.டி.கிட்ட உங்க பக்கத்துல நின்னு பேசறேன். இருந்தா, லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி அது நமக்குத் தெரியறது நல்லதுங்களே சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். பிறகு கார் சாவியை எடுத்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வழியில் ஒருமுறை, "நீங்க அவருக்கு ஃப்ரெண்டா மேடம்?" என்று கேட்டார். "ஆபீஸ்ல பழக்கம். அவ்வளவுதானுங்க சார்" என்றேன். அதுவும் உண்மைதான்.

அந்தக் கதவு எண் இருந்த இடத்தை அடைந்ததும் எனக்கு மூச்சு வந்தது. தறிச் சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது. நீளமான ஒரே வளாகம். நடு வாசலைப் பிளந்துகொண்டு பூசாத ஹாலோ பிளாக் சுவர் ஒன்று நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கேட், அந்தப் பக்கம் புதிதாக ஒரு கேட். மின்சார மீட்டரும் இரண்டு. கதவு எண் தகடு மட்டும் பழைய கேட்டில் ஒன்றே ஒன்று.

இடப்பக்கத்துத் தறிக்கூடத்துக்காரர் பழனிச்சாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "ஏனுங்க, வாங்க வாங்க. கம்பெனியில இருந்துங்களா? மோரு குடிக்கறீங்களா?"

நிதித் தலைவர் மோரைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகக் கேட்டார். "பக்கத்து ஷெட் யாரோடதுங்க?"

பழனிச்சாமியின் முகம் இறுகியது. "எனக்குத் தெரியாதுங்."

"பக்கத்துலயே இருக்கீங்க. தெரியாதா?"

"தெரியாதுன்னா தெரியாதுங். நம்ம சோலிய நாம பாக்கறமுங்க."

நிதித் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தீர்களா, மறைக்கிறார் என்பது போல. நான் வெளியே வந்து அடுத்த கேட்டுக்கு நடந்தேன். அங்கே தறிக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே மூக்கு, அதே நெற்றி, அதே நடை. வயது மட்டும் கொஞ்சம் குறைவு. பெயர் வேலுச்சாமி.

"பழனிச்சாமி உங்க அண்ணனுங்களா?" என்றேன்.

"ஒரு காலத்துலீங்க" என்றார் வேலுச்சாமி. "பாகம் பிரிச்சாச்சுங்க. தறியைப் பாதிப் பாதியாப் பிரிச்சோம், உங்க கம்பெனி ஆர்டரையும் அருள்தாஸ் அண்ணன் பாதிப் பாதியாத்தான் பிரிச்சுக் குடுத்தாருங்க. இந்தச் செவுரு நான் வெச்சதுங்க, பாதி எடம் அதுலயே போச்சு."

தொகை எல்லைக்குக் கீழே நின்றதற்கு அதுதான் காரணம். ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆர்டர் இரண்டாகப் பிரிந்திருந்தது.

பின்னாலேயே வந்து சேர்ந்த நிதித் தலைவர் இன்னும் விடவில்லை. "அப்ப படிவத்துல உறவினர் இல்லைன்னு ஏன் எழுதினீங்க? அருள்தாஸ் எழுதச் சொன்னாரா?"

"அவரா? அவரு ஒத்தைக் கால்ல நின்னாருங்க, வேலு, உண்மைய எழுது கண்ணுன்னு. இதுதானுங்க உண்மைன்னு நானேதான் எழுதிப்போட்டேன். அந்தாளுக்கும் எனக்கும் என்னங்க உறவு?"

'இல்லவே இல்லை' என்று அழுத்தி எழுதிய அந்தப் பேனா இப்போது எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் அருள்தாஸ் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பிழை என்றால் அவ்வளவுதான் அவருடைய பிழை.

"பில் யார் எழுதறாங்க?" என்றார் நிதித் தலைவர்.

"என்ர சம்சாரம்தானுங்க."

அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "நீங்க முன்னாடி வந்தப்புறம் அண்ணன்கிட்டயும் கேட்டேன் மேடம். தன் மனைவி எழுதறதா சொன்னார். ரெண்டு பெண்கள் ஒரே கையெழுத்தில எப்படி எழுதுவாங்க?"

நியாயமான கேள்வி. முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனேன்.

முன்வாசலில் அத்தனை முறைப்பாக நின்ற சுவர், பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு முன்பே நின்றுபோயிருந்தது. அதற்கப்பால் ஒரே கொல்லைதான். தொட்டி நிழலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் ஒரு பில் புத்தகம், பக்கத்தில் இன்னொன்று. இளையவர் முறத்தில் ராகி மாவைச் சலித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள். பழனிச்சாமியின் மனைவி சரோஜா, வேலுச்சாமியின் மனைவி கலாமணி.

நான் யார் என்று சொன்னேன். சரோஜா பயப்படவில்லை. "கலாமணிக்கு இந்த ஜி.எஸ்.டி. எழவெல்லாம் வராதுங்க அம்மணி. ரெண்டு பில்லையும் நானே எழுதிக் குடுத்துர்றேன்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஊடு ரெண்டாயிருமுங்க" என்றார். ஏற்கனவே இரண்டாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கலாமணி சிரித்தார். "மாமனுக்குச் சக்கரைங்க. அக்காவுக்குக் களி பதமா வராது. நான்தான் கிண்டிக் குடுக்கறேன். அக்கா செஞ்சதுன்னு நெனச்சுத் தின்னுபோட்டு, தம்பி ஊட்டுத் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்னு ஊர்ல சொல்லிட்டிருக்காரு."

நிதித் தலைவரை அங்கே கூப்பிட்டேன். சரோஜா அவர் எதிரிலேயே ஒரு தாளில் நாலு வரி எழுதிக் காட்டினார். அவர் தன் செல்போனில் இருந்த பில் படத்தையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சார்" என்றார் சரோஜா, கையைக் கூப்பாத குறையாக. "ஆம்பளைங்க காதுக்கு மட்டும் இது போயிரக்கூடாதுங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருக்கோம். அவங்களும் ஒருநாளைக்குப் பேசிருவாங்க. அதுவரைக்கும் இப்படியே போகட்டுமுங்க."

"போகாதும்மா" என்றார் அவர். "என் வாயில இருந்து வராது." அறிக்கையில் என்ன எழுதுவது என்று அவரும் அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். 'இரண்டு தறிக்கூடங்களும் தனித்தனியே இயங்குவதை நேரில் பார்த்தோம்; பில் எழுதுகிறவரிடமும் பேசினோம்' என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேல் எந்தக் கம்பெனிக்கும் தெரிய வேண்டியதில்லை.

காரில் ஏறியதும் அவர் வண்டியைக் கிளப்பவில்லை. முதலில் போனை எடுத்தார். "அருள்தாஸோட லாகினைத் திறந்து விடுங்க. இப்பவே. செக்யூரிட்டிகிட்டயும் வேண்டாம்னு சொல்லிடுங்க." பிறகு ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "மேடம், நான் இந்த லெட்டர்ல காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். எம்.டி. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

எதுவும் நடக்காதது போல அவர் விட்டிருக்கலாம். அருள்தாஸுக்குத் தெரியவே வந்திருக்காது. ஆனால் அலுவலகம் வந்ததும் அவர் அருள்தாஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, என்னையும் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். பூட்டியது, கடிதம், சோமனூர் போனது, எல்லாம். சரோஜா, கலாமணி விஷயத்தைத் தவிர. நான் அவரை நல்லவர் என்று சொன்னது இதற்காகத்தான்.

அருள்தாஸ் நின்றுகொண்டே கேட்டார். கடைசியில், "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாஸ்வேர்டு வேலை செய்யலீங்கன்னு உங்ககிட்டத்தானுங்க வந்து நின்னேன்" என்றார். அதற்கு என்னிடம் விளக்கம் இருந்தது. சொல்லவில்லை. அந்த நேரத்தில் எந்த விளக்கமும் அவருக்கு உதவியிருக்காது.

பல நாள் அவர் எங்கள் இருவரிடமும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. கேன்டீனில் வேறு மேசையில் உட்கார்ந்தார். நாங்களும் தொந்தரவு செய்யவில்லை.

அதற்குள் நிதித் தலைவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். டேட்டாவில் யார் பெயராவது நின்றால், மேலே போவதற்கு முன் அவரையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதனால் எப்போதும் நல்லதே நடந்தது என்று உங்களிடம் சொல்லமாட்டேன். இன்னொரு பிரிவில் ஒருவரை அப்படிக் கேட்டோம். நாளைக்கு விவரம் தருகிறேன் என்றார். மறுநாள் ஆளும் வரவில்லை, அவர் கம்ப்யூட்டரில் ஒன்றும் மிச்சமில்லை. எம்.டி. எங்கள் இருவரையும் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். வெளியே வந்ததும் நிதித் தலைவர், "இனிமேலும் கேக்கணுமா மேடம்?" என்றார். "கேக்கலாம் சார்" என்றேன். அவரும் தலையை ஆட்டினார். திட்டு வாங்கியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருவர் தப்பித்துப் போனதை நாங்கள் தாங்கிக்கொண்டோம். அருள்தாஸை வாசல்வரை செக்யூரிட்டியோடு நடக்க விட்டிருந்தால் அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

அருள்தாஸ் தானாகவே திரும்பி வந்தார். ஒருநாள் காலையில் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், உங்க கம்ப்யூட்டருக்குச் சொந்தபந்தம் தெரியாதுங்களே. அதனாலதான் இத்தனை வம்பு. நான் சொல்றேன், நீங்க அடிச்சுக்குங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். இந்தத் தறிக்காரர் அந்தத் தறிக்காரருக்கு மச்சான். அவருடைய மாமனார் இன்னொரு சப்ளையர். அந்த மாமனாரின் பங்காளி சாயம் போடுகிறவர். சாயக்காரரின் சம்பந்தி நூல் வியாபாரி. நான் தட்டச்சு செய்தேன், உறவுக்கு ஒரு கோடு வீதம் திரையில் விழுந்தது. டீ வந்தது, போனது. படம் முழுக்கக் கோடுகளாகிப் பெயர்களே தெரியாமல் போயின. சோமனூரில் உறவே இல்லாத சப்ளையர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "யோசிக்கோணுமுங்க" என்றார்.

எங்கள் சிரிப்பைக் கேட்டு நிதித் தலைவர் அறையிலிருந்து வந்து பின்னால் நின்றார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன மேடம், சப்ளையர் லிஸ்ட்டா, கல்யாணப் பத்திரிகையா?"

அருள்தாஸ் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, அந்த அதிராத குரலில் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு அவர் வேலைப் பேச்சு அல்லாமல் நிதித் தலைவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எல்லாரும் வந்துட்டாங்க சார், உங்க பேரு ஒண்ணுதானுங்க இதுல பாக்கி. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்கதானே? நம்ம பக்கமே ஒரு பொண்ணு பாக்கட்டுங்களா?"